பார்க்க வந்தவர்களுக்குக் காபி

கர்ப்பப்பையை எடுத்த டாக்டரம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆறு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாது. நல்லாப் படுத்துத் தூங்குங்க." காரைக்குடியில் குடியிருக்கும் ஒருத்தியிடம் இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் சொந்தபந்தம் அத்தனையும் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். போனில் விசாரித்தால் செல்லாது. வராதவர்களிடம் அடுத்த கல்யாணத்தில் யாரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆகவே வந்தார்கள், ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் அரை டஜன் சாத்துக்குடியுமாக. வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்பினால் அதுவும் குற்றம். கணவர் காலையிலேயே மரப்பட்டறைக்குப் போய்விடுவார். மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அப்புறம் காபி போடுவது யார்? வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்த நான்தான்.

"நீங்க எந்திரிக்காதீக, எதுக்குச் சிரமம்" என்று எல்லோரும் வாயாரச் சொன்னார்கள். ஒருவர்கூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாசமில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். பாசக்காரர்கள்தான். அந்தப் பாசத்துக்கும் நானேதான் சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள், மானகிரியில் ஒரு காதுகுத்தை முடித்துவிட்டு ஒக்கூர்ச் சொந்தம் வேன் நிறைய வந்து இறங்கியது. பதினான்கு பேர். "இம்புட்டுத் தூரம் வந்துட்டோம், அப்படியே இங்குட்டு ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தோம்த்தா" என்றார் கணவரின் சித்தி. என் கட்டிலிலேயே உட்கார்ந்து, இதே ஆபரேஷனில் பிழைக்காமல் போன தன் ஓரகத்தியின் கதையை ஆரம்பித்தார். நான் அடுப்படிக்குப் போய்ப் பதினான்கு பேருக்கான பால் பாத்திரத்தை இறக்கினேன். அடிவயிற்றில் சுரீர் என்றது. கையை வைத்துப் பார்த்தால் நைட்டி நனைந்திருந்தது. ரத்தம்.

தையல் பிரிந்துவிட்டது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் தையல். அந்த ஆறு வாரமும் மறுபடியும் முதல் நாளிலிருந்து. டாக்டரம்மா என்னைத் திட்டினார். திட்டட்டும். அந்தப் பதினான்கு பேரை யார் திட்டுவது? இன்னொரு முறை பிரிந்தால் சிக்கலாகிவிடும் என்று அவர் எச்சரித்து அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்த அன்றே நாத்தனார் போன் செய்தார். "தையல் பிரிஞ்சிருச்சாம்ல மதினி? எல்லாரும் திரும்ப வந்து பாக்கணும்ங்கிறாக." எனக்கு ஆத்திரமும் அழுகையும் பயமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை முதலில் வந்தவள் என் சிநேகிதி. புதுவயல் ரைஸ் மில் ஆபீஸில் பல வருஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் ஹார்லிக்ஸ் இல்லை. பெரிய பிளாஸ்க் ஒன்றும் காகிதக் கப்புகளும் இருந்தன. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்களிடம் அவள் பேசியது உள்ளே கேட்டது.

"தூங்குறா, எழுப்ப வேணாம். நீங்க வந்தீகன்னு சொல்லிர்றேன். காபி குடிச்சுட்டுப் போங்க."

வந்தவர்களுக்கும் குறையில்லை. பார்க்க வந்த முறையும் கழிந்தது, காபியும் கிடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் பகலில் தூங்கினேன்.

சாயங்காலம் எழுந்து வந்தபோது அவள் கப்புகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த யோசனை எப்படி வந்துச்சு ஒனக்கு?" என்று கேட்டேன்.

"போன வருஷம் எனக்கும் இதே ஆபரேஷன்தான? வந்தவுகளுக்கெல்லாம் நின்னு நின்னு காபி போட்டேன்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அறிவு கெட்ட சனங்க! நீ அப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும்."

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள்.

"எப்படிச் சொல்றது? காபி நல்லாருக்குன்னு ரெண்டாவது டம்ளர் கேட்டவளே நீதான?"