மகளின் டிசியை லேமினேட் செய்தேன்

மகளுக்கு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் கிடைத்தது உறுதியானதும், டைரியின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் போட்டேன். தலைப்பு, 'பாப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியவை.' மொத்தம் இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் வரைந்திருந்தேன். ஒன்று, சொல்லியாயிற்று. மற்றது, செய்து காட்டினாள். இரண்டாவது கட்டத்தில் டிக் விழாத எதையும் முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட விதி.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சங்கத்தில் நான் செயலாளர். காலையிலும் மாலையிலும் பால் ஊற்ற வருகிறவர்களின் கேனிலிருந்து மாதிரி எடுத்து, கொழுப்பு எவ்வளவு என்று கருவியில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது வேலை. புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணையும் விடாமல் எழுதி எழுதி, வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன்.

"பாலுக்கு ஃபேட் பாக்கற மாதிரி புள்ளைக்கும் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள் மனைவி.

எங்கள் மரவள்ளிக் காட்டை ஏறக்குறைய தனியாகவே பார்த்துக்கொள்கிறவள் அவள். பட்டியல் போடும் பழக்கம் கிடையாது. அவளுடைய ஏற்பாடுகள் வேறு மாதிரி இருந்தன. கம்பியைச் சூடுபண்ணி மகளுடைய பக்கெட், மக், சோப்பு டப்பா எல்லாவற்றின் அடியிலும் அடையாளத்துக்கு மூன்று புள்ளி வைத்தாள். ஒரு வாரம் முழுக்கச் சாம்பாரில் தண்ணீரைக் கூட்டி, உப்பைக் குறைத்துப் பரிமாறினாள். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு நாக்கு பழக வேண்டுமாம்.

மகள் மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ம்மா, எப்பவும் வெக்கறதுதான இது? இதுல என்ன ட்ரெயினிங்?"

"கோயம்புத்தூர் போயி ஒரு மாசம் தின்னு பாரு. அப்ப தெரியும் என் சாம்பாரு."

என் பட்டியலில் துணி துவைப்பது, பூட்டைப் பூட்டிய பின் இழுத்துப் பார்ப்பது, வங்கிச் சலான் நிரப்புவது, காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பது, விண்ணப்பக் கடிதம் எழுதுவது எல்லாம் இருந்தன. பதினான்காவது, தனியாகச் சேலம் போய்த் திரும்புவது. புது பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கிளம்பும் நேரங்களைக் குறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீடு வந்து சேர வேண்டும்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் வண்டியில் பின்னாலேயே போனேன். இதைப் பட்டியலில் எழுதவில்லை. மஞ்சவாடிக் கணவாயில் பஸ் மெதுவாக ஏறியதால் நானும் மெதுவாக ஏற வேண்டியதாயிற்று. இரண்டாவது வளைவில் கடைசி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து அசைந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. டீ சாப்ட்டுட்டே போலாம்ப்பா."

அன்று டிக் போடவில்லை. உடன் ஆள் இருந்ததால் அந்தச் சோதனை செல்லாது. அடுத்த வாரம் அவளை மறுபடி அனுப்பினேன். வண்டிச் சாவியை மனைவி அஞ்சறைப் பெட்டியில் போட்டு மூடி வைத்துக்கொண்டாள். மகள் பன்னிரண்டு பஸ்களின் நேரத்தை எழுதிக்கொண்டு வந்தாள்.

பட்டியலில் மூன்று வேலைகளை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்று சான்றிதழ்கள். எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஒரு மழைக்காலத்தில் கரையான் பாதி தின்றுவிட்டது. மகளுடைய தாள்களுக்கு அப்படி எதுவும் நேரக் கூடாது. ஆகவே பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், பள்ளியில் கொடுத்த மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி, எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடையிலிருந்த பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவள், டிசி வந்ததும் நிறுத்தினாள். "இதுவுமாங்க?"

"எல்லாமே" என்றேன்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைய டைரியில், 'சான்றிதழ்கள் லேமினேட் செய்யப்பட்டன. இனிக் கவலை இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை மூன்று பேரும் பெட்டி, பக்கெட், பாயோடு கோயம்புத்தூர் போனோம். சேர்க்கைக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. இரண்டு நாள் முன்னதாகவே போகிறோம் என்று எனக்கு ஒரு திருப்தி. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. கவுன்டரில் இருந்த அம்மாள் மதிப்பெண் பட்டியல்களைப் பார்த்தார், கணினியில் ஏதோ அடித்தார், டிசியைக் கையில் எடுத்தார். நகத்தால் ஓரத்தைத் தட்டினார்.

"டிசியப் போயி யாருங்க லேமினேட் பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "மார்க் ஷீட்டுன்னா பரவால்ல, பாத்துட்டுக் குடுத்துருவோம். டிசி எங்க ஃபைல்ல இருக்கணும். பின்னாடி எழுதி சீல் வெக்கணும். பிளாஸ்டிக்கு மேல எப்படி வெக்கறது? ஸ்கூல்ல வேற வாங்கிட்டு வாங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைக்கலன்னா?" என்று மகள் கேட்டாள்.

"சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

 பத்தொன்பது வருடமாக அடுத்தவர் ஊற்றும் பாலில் குறை கண்டு சொல்கிறவன், என் கையால் செய்த குறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நெருக்கியது. மனைவி என் சட்டையைப் பிடித்து ஒதுக்கினாள்.

மகள் மட்டும் நகரவில்லை. "மேடம், லேமினேட் பண்ணது செல்லாது, வேற வேணும்னு ரெண்டு வரி எழுதித் தர முடியுங்களா? ஸ்கூல்ல காட்டணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கல்லூரித் தாளில் மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அப்படி ஒரு கடிதம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

சாமான்களை ஹாஸ்டலில் ஒரு ஓரமாக வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். பஸ்ஸில் நான் பிளேடால் பிளாஸ்டிக்கின் ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தேன். தாளின் மேல்தோல் சேர்ந்து வந்தது. பள்ளியின் பெயரில் முதல் எழுத்து போய்விட்டது.

மகள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "விடுங்கப்பா. இருக்கறதும் போயிரும்."

வியாழக்கிழமை காலைப் பால் முடிந்ததும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றேன். தலைமையாசிரியையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தேன்.

"நீங்க வர வேணாம்ப்பா, நான் மட்டும் போறேன்" என்றாள் மகள்.

"பெரியவங்க ஒருத்தர் வந்தாத்தான் பேசுவாங்க, பாப்பா."

"நீங்க வந்தா உங்ககிட்டதான் பேசுவாங்க. எதுக்கு லேமினேட் பண்ணீங்கன்னு கேப்பாங்க. நீங்க கரையான் கதைய ஆரம்பிப்பீங்க. மத்தியானம் ஆயிரும்."

மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது. "அவளே போவட்டும் வுடுங்க. கரையான் இங்கியே இருக்கட்டும்."

அன்று என்ன நடந்தது என்பதை மாலையில் மகள் சொல்லச் சொல்ல நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்பது நாற்பதுக்குப் பள்ளி. தலைமையாசிரியை இல்லை, தர்மபுரியில் கூட்டம். அலுவலகத்தில் இருந்த எழுத்தர், டிசி விஷயம் என்றதும், "திங்கக்கெழம வாம்மா" என்று சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம டிசி கெடைக்கும் சார். சீட்டு வெள்ளிக்கெழமயே போயிரும்" என்று மகள் கல்லூரிக் கடிதத்தை அவர் மேஜைமேல் வைத்திருக்கிறாள்.

அவர் படித்தார். பரிதாபப்பட்டார். ஆனால் தலைமையாசிரியை சொல்லாமல் டிசியின் இரண்டாம் படியை, அதாவது டூப்ளிகேட்டை, எழுத முடியாது என்றார். மகள் தலைமையாசிரியையைக் கூப்பிட்டாள், அவர் எடுக்கவில்லை. கடிதத்தையும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த டிசியையும் படம் எடுத்து அனுப்பி, என்ன நடந்தது, எத்தனை மணிக்குள் வேண்டும் என்று மூன்றே வரியில் எழுதினாள். கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"நான் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் வருவேன், அதுக்குள்ள ஆபீஸ் பூட்டிருவாங்களே" என்றார் தலைமையாசிரியை.

"நீங்க வர வேணாம் மிஸ். சார் எழுதி சீல் வெச்சு ரெடியா குடுத்தா, நான் எடுத்துக்கிட்டு அங்க வரேன். சாப்பாட்டு நேரத்துல ஒரு கையெழுத்து மட்டும்."

சற்று யோசித்துவிட்டு, எழுத்தரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாராம். பதினொன்றே காலுக்கு இரண்டாம் படி எழுதி முடிந்தது. எழுத்தர் அதை உறையில் போட்டு ஒட்டி, மேலே தலைமையாசிரியை பார்வைக்கு என்று எழுதி, "மடிச்சிராத. எங்கியும் லேமினேட்டும் பண்ணிராத" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பதினொன்று நாற்பதுக்குப் பொம்மிடி வழியாகப் போகும் தர்மபுரி பஸ்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. சங்கத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு தடவை கூப்பிட்டேன்; எடுக்கவில்லை. ஒன்று ஐம்பதுக்கு அவளே கூப்பிட்டாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"டிசி என்னாச்சு?"

"கையில இருக்கு."

பின்னால் பஸ்களின் ஹாரன் சத்தமாக இருந்தது. "எங்க இருக்கற?"

"தர்மபுரி."

"தர்மபுரிக்கு எதுக்குப் போன?"

"கையெழுத்து இங்கதான இருந்துச்சு."

கூட்டம் நடந்த கட்டிடத்தின் மாடிப்படியில், கைப்பிடிச் சுவரில் வைத்து தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டாராம். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டு, தன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்திருக்கிறார்.

அன்று மாலை பால் ஊற்ற வந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னிக்கு சிரிச்ச மூஞ்சியா இருக்கீங்களே. நமக்கு ஃபேட்டு ஏதாச்சும் கூட வந்திருக்குதுங்களா?"

"இல்லீங்க. அதே நாலு புள்ளி ஒண்ணுதான்."

"அப்பறம் எதுக்குங்க சிரிப்பு?"

"பாப்பா தர்மபுரி போயிட்டு வந்திருக்குதுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தர்மபுரிக்கு யார்தான் போவதில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டிக் விழாதவை நான்கு இருந்தன. அன்று அவள் செய்தவற்றை அந்த இருபத்தாறில் தேடினேன். விண்ணப்பம் எழுதுவது உண்டு. பஸ் ஏறுவது உண்டு. கவுன்டரைவிட்டு நகராமல் கடிதம் கேட்பது, திங்கட்கிழமை என்று சொன்னவரை மேஜையிலேயே வைத்து வேலையைத் தொடங்க வைப்பது, கையெழுத்து இருக்கும் ஊருக்குத் தாளைக் கொண்டுபோவது, இவை எதுவும் இல்லை. நான் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரியாதவற்றை எப்படிச் சொல்லித்தருவது? மீதமிருந்த நான்கையும் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சாம்பார் அன்று கெட்டியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அதே கவுன்டர். அந்த அம்மாள் புதிய டிசியைத் திருப்பி, பின்புறம் எழுதி முத்திரை வைத்தார். சத்தம் கேட்டு மனைவி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். சேர்ந்தாயிற்று.

ரசீதை வாங்கிக்கொண்டு ஒதுங்கியபோது பக்கத்து வரிசையில் ஒருவர் கலங்கிப்போய் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஃபைல், கூடவே அழும் நிலையில் ஒரு பெண். அவர் கையில் இருந்த டிசியும் லேமினேட் செய்யப்பட்டிருந்தது. எனக்கு அவரிடம் போய்ப் பேச வேண்டும் போலிருந்தது. கரையானா என்று கேட்டிருப்பேன். அதற்குள் மகள் அங்கே போய்விட்டாள்.

"பயப்படாதீங்க அங்கிள். எந்த ஊர்ங்க? உங்க ஸ்கூல் இங்கேருந்து எவ்ளோ நேரம்?"

"பொள்ளாச்சிம்மா. ஒன்றரை மணி நேரம்."

"அப்ப இன்னிக்கே முடிச்சிரலாம். மொதல்ல இந்த மேடம்கிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்குங்க. அத போட்டோ எடுத்து உங்க ஹெட்மாஸ்டருக்கு இப்பவே அனுப்பிருங்க. நீங்க போய்ச் சேரறதுக்குள்ள எழுதி வெச்சிருவாங்க." அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "நீ பேசு. அப்பாவ பேச வுடாத. நேரம் ஆயிரும்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மகள் எண்ணைக் கொடுத்து, சந்தேகம் வந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஹாஸ்டல் படிவம் வாங்க அடுத்த அறைக்குள் போனாள். பின்னாலேயே மனைவியும் போனாள்.

வேட்டிக்காரர் என்னைப் பார்த்தார். "உங்க பொண்ணுங்களா?"

"ஆமாங்க."

"இவ்வளவு விவரமா சொல்லுதே. நீங்க எந்த ஆபீஸ்ல இருக்கறீங்க?"

"பால் சங்கத்துலங்க" என்றேன். "இதெல்லாம் பாப்பா தானா கத்துக்கிட்டதுங்க."