கையில் சுற்றிய கயிறு

மட்டக்குதிரை வந்த நாளிலிருந்து எனக்கு உயிர் கையில் இல்லை. என் வீட்டுக்காரர் பேண்டு செட்டில் டிரம் அடிப்பவர். காது குத்து, கல்யாண ஊர்வலம் என்று போகிற இடமெல்லாம் குதிரை கேட்கிறார்களே, நாமே ஒன்று வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நாள் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அது அவருக்கும் தெரியும். எங்கள் பத்து வயது மகளோ அதைப் பார்த்த நிமிஷமே எங்கள் இருவரையும் மறந்துவிட்டாள்.

முதல் வாரமே அவள் காலை மிதித்தது. பெருவிரல் நகம் கறுத்துப்போய், செருப்புப் போட முடியாமல் நொண்டினாள். அப்புறம் விரல் நுனியில் பிடித்து வெல்லம் கொடுத்தாள், வெல்லத்தோடு விரலையும் சேர்த்துக் கவ்வியது. ஈயை விரட்ட அது தலையைத் தூக்கியபோது இடித்து உதடு கிழிந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கத்துவேன், சோப்புப் போட்டுக் கழுவுவேன், எதிர்வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி வந்து ஒத்துவேன், மறுபடியும் கத்துவேன். "இன்னா பெரிய அடி பட்டுச்சி, ஆறிப்பூடும்" என்பார் இவர். ஆறிவிடும்தான். ஆனால் அவள் குதிரையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பினால் போதும், அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே எனக்கு மறந்துவிடும்.

இவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "கயித்த கையில சுத்தாத. மடிச்சி உள்ளங்கையில புடி. அது ஓடுச்சின்னா வுட்டுடு, ஓடட்டும்." மகளிடம் தினமும் சொல்வார். இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சலாக வரும். நான் மாடு மேய்த்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளாமல் யாரும் மாட்டை ஓட்டிப் போனதில்லை. விட்டால் அது யார் கொல்லையிலாவது இறங்கும், அப்புறம் ஊர் வாயை யார் அடைப்பது?

அப்படியேதான் நடந்தது. ஒரு நாள் குதிரை மகள் கையிலிருந்து நழுவி ஓடி, பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலைச் செடியை மிதித்துத் துவைத்துவிட்டது. அந்த வீட்டம்மா எங்கள் வாசலில் நின்று கேட்ட கேள்வியில் நான் கூனிக் குறுகிப்போனேன். அவள் போனதும் மகளைக் கூப்பிட்டு, அவள் வலது கையில் நானே கயிற்றைச் சுற்றிக் காட்டினேன்.

"இப்டி ரெண்டு சுத்து சுத்திக்கோ, நழுவாது. அப்பாகிட்ட சொல்லிக்கினு இருக்காத."

அதற்கடுத்த சனிக்கிழமை காலை. ஏரியில் குதிரையைக் குளிப்பாட்டி, தனியாக நடத்திக்கொண்டு வந்தாள். ரோட்டோரம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நான் வாசலில் துணி பிழிந்துகொண்டே அவள் வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் தார்ப்பாய் படபடவென்று எழும்பியது. குதிரை மிரண்டு பாய்ந்தது. கயிற்றை விட்டிருக்க வேண்டியவள் விட முடியாமல் அதன் கூடவே ஓடினாள், குப்புற விழுந்தாள், தார் ரோட்டில் பத்தடி இழுபட்டாள். அப்புறம் குதிரை தானாக நின்றது. மாடாக இருந்தால் மூக்கணாங்கயிறு இழுத்த வலியிலேயே முதலடியில் நின்றிருக்கும். குதிரைக்கு மூக்கில் கயிறு கிடையாது என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன, முகவாயில் சிராய்ப்பு. கயிறு கையைக் கவ்விக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து இவர் ஓடி வருவதற்குள் அதைப் பிரித்துவிட்டேன். அந்த அவசரம் அவள் கைக்காகவா, இவர் பார்த்துவிடக்கூடாது என்றா? இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

மூன்று பேரும் பைக்கில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"கால் தடுக்கி வுளுந்துட்டேன்" என்றாள் மகள்.

"கயித்த சுத்திக்கினு இருந்தியா?" என்றார் இவர்.

"இல்லப்பா. மடிச்சிதான் புடிச்சிக்கினு இருந்தேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸ் முழங்காலைக் கழுவினார், மருந்து வைத்தார், ஊசி போட்டார். ஊசியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுகிற பெண் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். "கையில சிராய்ப்புதான், வலிக்கல" என்றாள். நர்ஸ் புறங்கையில் மட்டும் மருந்து தடவிவிட்டு நகர்ந்தார். மோதிர விரல் வீங்கி உருண்டு வருவது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் உப்பு ஒத்தடம் கொடுக்கலாம், குறையாவிட்டால் நாளைக்கு வரலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

நர்ஸ் பஞ்சைக் கூடையில் போட்டார். இவர் பைக் சாவியை எடுத்தார். மகள் இறங்குவதற்காகக் கட்டில் விளிம்பில் அந்தக் கையை ஊன்றினாள். அவள் முகம் வெளிறிப்போனது. சத்தம் மட்டும் வரவில்லை.

"சிஸ்டர், கயிறு கையில சுத்தி இருந்துச்சி. நான்தான் சுத்திக்க சொன்னேன்" என்றேன்.

நர்ஸ் அவளை மறுபடி உட்கார வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நகத்தை அமுக்கி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். மடக்கச் சொன்னபோது மற்ற விரல்கள் மடங்கின, மோதிர விரல் நீட்டியபடியே நின்றது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார். "போய் எக்ஸ்ரே எடுங்க."

உத்திரமேரூருக்குப் போய் எடுத்தோம். படம் வருகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கையால் எழுதுகிற பிள்ளை, வரைகிற பிள்ளை என்று என் மனசு எங்கெங்கோ ஓடியது. மெல்லிய விரிசல்தான் என்றார் டாக்டர். பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினார். மூன்று வாரத்தில் சரியாகிவிடும், கவனிக்காமல் விட்டிருந்தால் கோணலாகக் கூடியிருக்கும் என்றார். இவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வாங்கப் போனார்.

மகள் என்னைக் கோபமாகப் பார்த்தாள். "நான்தான் சொல்லலியே. நீ ஏம்மா சொன்ன?"

"ரொம்ப வலிச்சிதா?" என்றேன்.

அவள் கழுத்தை நீட்டி, அப்பா வரிசையில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். "ரொம்ப வலிச்சிதும்மா" என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.