வாடகைக்கு ஆடித் தள்ளுபடி உண்டுங்களா?

"ஏனுங்க்கா... ஆடித் தள்ளுபடி ஏதாச்சும் உண்டுங்களா?"

முந்தின ஞாயிற்றுக்கிழமை நஸ்ரின் இப்படிக் கேட்டபோது நாங்கள் நின்றது ஜவுளிக்கடையில் அல்ல. கவுண்டம்பாளையத்தில் ஒரு மாடி வீட்டின் காலி ஹாலில். எதிரே நின்றவர் வீட்டுக்கார அக்கா. கேட்ட தள்ளுபடி — வீட்டு வாடகையில்!

நான் ஃபேன் மாட்டுகிற கொக்கியைப் பார்த்தேன். ஸ்விட்ச் போர்டை எண்ணினேன். அந்த அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. போச்சு, இந்த வீடும் போச்சு!

நஸ்ரினை இந்தப் பக்கத்தில் உங்களில் பலர் சந்தித்திருப்பீர்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஈரோட்டுக்காரி. என் ரூம்மேட். ஐ.டி. கம்பெனியில் அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கிற வேலை — வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. நான் ஒரு பம்ப் கம்பெனியின் கஸ்டமர் கேரில் இருக்கிறேன். "மோட்டார் ஓடுதுங்க, தண்ணிதான் வர்லீங்க" என்று கொங்கு நாடே என் காதில் வந்து முறையிடும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஹெட்போனைக் கழற்றுவேன்.

ரெண்டு பேரும் கணபதியில் ஒரு சின்ன வீட்டில் நிம்மதியாக இருந்தோம். நிம்மதி என்றால் என்ன? ஒண்ணாம் தேதி வாடகை போகும், இருபதாம் தேதி பர்ஸ் காலியாகும், மிச்ச நாள் ரசம் சாதம். அந்த அளவு நிம்மதி.

ஜூன் கடைசியில் ஹவுஸ் ஓனர் வந்தார். வாடகை ஏற்றத்தான் வருகிறார் என்று பதிலெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தோம். மனுஷர் உட்காரக்கூட இல்லை.

"பொண்ணு துபாயிலிருந்து குடும்பத்தோட வர்றாளுங்க. ஜூலை முடிய காலி பண்ணிக் குடுத்துருங்க கண்ணு."

கண்ணு என்று கூப்பிட்டுக் காலி பண்ணச் சொல்ல எங்கள் ஊரால்தான் முடியும்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைச்சல். லஞ்ச் பிரேக்கில் ஒரு வீடு. ஆபீஸ் போகிற வழியில் ஒரு வீடு. பஸ்ஸில் போகும்போதுகூட டு-லெட் போர்டு தெரிகிறதா என்று கழுத்து தானாகத் திரும்பும்.

செல்போனில் நிறைய பேர் பட்ஜெட் சொல்லித் தருகிறார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கொடுக்கக் கூடாதாம். இந்த வீடியோவை அவர்கள் சொந்த வீட்டில் உட்கார்ந்துதான் எடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம். எங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பால்கனி கிடைக்கும். வீடு வேண்டுமென்றால் பாதிச் சம்பளத்தை எடுத்து வைக்க வேண்டும். அதற்கு மேல் மெயின்டனன்ஸ், புரோக்கர் கமிஷன், லாரித் தண்ணி...

"சிறுவாணித் தண்ணி வருதுங்களா?" என்று ஒரு வீட்டில் கேட்டேன்.

"வருங்க. எப்பன்னு தண்ணிக்குத்தான் தெரியும்."

இன்னொரு வீடு போனிலேயே முடிந்துவிட்டது. வாடகை ஓகே. அட்வான்ஸ் ஓகே. "கூட இருக்கறவங்க பேரு என்னங்க?" என்றார். சொன்னேன். அப்புறம் அவருடைய தம்பி குடும்பம் அந்த வீட்டுக்கு வருவதாகத் திடீரென்று ஞாபகம் வந்தது அவருக்கு.

"நம்ம புண்ணியத்துல இன்னொரு தம்பிக்கு ஊடு கெடச்சிருச்சு புள்ள" என்றாள் நஸ்ரின். இதுவரை எத்தனை தம்பிகளைக் குடிவைத்திருக்கிறாளோ! அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, வீடு கிடைக்காவிட்டால் என்ன? ஏதாவது ஹாஸ்டலில் கொஞ்ச நாள் இருக்கலாமே? கேட்பீர்கள். ஹாஸ்டலுக்கும் அட்வான்ஸ் உண்டே! அதைவிட முக்கியமாக, எனக்கும் அம்மாவுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அம்மா காரமடையில் இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் தங்கி வேலை பார்க்கலாம் — வீட்டிலிருந்து ஒரு பைசா கேட்காதவரை. கேட்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். காரமடை ஒன்றும் தூரமில்லை, பஸ் ஓடுகிறது. ஆனால் எட்டு மணிக்கு மேல் பஸ் ஏறி வரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். என் வேலையே எட்டு மணிக்குத்தான் முடிகிறது. அப்புறம் என்ன? வேலைக்கு ஒரு கும்பிடு. "இந்த மாசம் மட்டும் கொஞ்சம் அனுப்பும்மா" என்று ஒரு வார்த்தை — அதோடு என் கோயம்புத்தூர் கதை முடிந்தது.

இந்த நிலைமையில்தான் கவுண்டம்பாளையத்து வீடு அமைந்தது. வீட்டுக்காரர் ஈஸ்வரியக்கா. அவர் கணவர் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பேரைக் கேட்டார், சொன்னோம். "ஈரோட்டுல எந்தப் பக்கம் கண்ணு?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தம்பி யாரும் வரவில்லை! எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

அட்வான்ஸ் ஒரு தனிக் கூத்து. பழைய வீட்டு அட்வான்ஸ், சாவி கொடுத்தால்தான் வரும். புது வீட்டுச் சாவி, அட்வான்ஸ் கொடுத்தால்தான் வரும். நடுவில் நிற்கிறவள் என்ன செய்வாள்? நான் ஸ்கூட்டி வாங்க வைத்திருந்தது, நஸ்ரின் புது போனுக்குச் சேர்த்தது எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுத் தேற்றினோம். கையில் மிச்சம் பஸ் காசு.

அப்போது ஈஸ்வரியக்கா சாதாரணமாகச் சொன்னார். "வெள்ளிக்கெழம ஆடி பொறக்குது. அதுக்குள்ள பால் காய்ச்சிப்போடுங்க அம்மணி. பால் காய்ச்சுன நாள்ல இருந்து வாடகை. இல்லீன்னா ஆவணியிலதான்."

உங்களுக்குத்தான் தெரியுமே... ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆனியிலேயே பால் காய்ச்சி வைத்துவிட்டால், சாமான்களை ஆடியில் கொண்டுவந்து இறக்கலாம். எனக்கும் தெரியும். ஆனால் பட்ஜெட்டில் கரண்டுக்கு ஒரு வரி, கேபிளுக்கு ஒரு வரி போடுகிற நான், ஆடிக்கு ஒரு வரி போடவில்லையே!

உடனே பால் காய்ச்சினால், ஜூலை பாதிக்கு ரெண்டு வீட்டுக்கும் வாடகை. காசில்லை. ஆவணிக்குத் தள்ளினால், ஆகஸ்டில் பாதி மாசம் தெருவில். அந்தப் பாதி மாசத்துக்கு என் விலாசம் — காரமடை. ஒரு தடவை அங்கே போனால் திரும்ப விடுவாரா அம்மா?

இந்த இடத்தில்தான் நஸ்ரின் அந்தத் தள்ளுபடிக் கேள்வியைக் கேட்டாள்.

"ஊட்டு வாடகைக்கா? தள்ளுபடியா?" ஈஸ்வரியக்கா புருவத்தைத் தூக்கினார்.

"ஆமாங்க்கா. எங்கத்தா ஈரோட்டுல பெட்ஷீட் கடை வெச்சிருக்காருங்க. ஆடியில ஆளு வராதுன்னு அவரே வெலையக் கொறச்சிருவாரு. உங்க ஊட்டுக்கும் ஆடியில ஆளு வராது. அப்பக் கொறைக்கோணுமில்லீங்களா?"

"துணி வேற, ஊடு வேற கண்ணு."

"ரெண்டும் சும்மா கெடந்தாத் தூசிதானுங்க்கா அடையும்."

"அதுக்கு?"

"எனக்கு ஆடியெல்லாம் கெடையாதுங்க்கா. நான் ஆகஸ்டு ஒண்ணாந்தேதி பொட்டியத் தூக்கிட்டு வாரேன். இவ வேணா ஆவணியில வரட்டும்."

அடிப்பாவி! இத்தனை நாள் நட்பை ஒரே மூச்சில் ஆவணிக்குத் தள்ளிப்போட்டாள்.

ஈஸ்வரியக்கா அசையவில்லை. "ஆடி ஆளுக்கில்ல அம்மணி. ஊட்டுக்கு."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். இதற்கு மேல் என்ன பேசுவது? மெல்லச் செருப்பு இருக்கும் இடத்தைப் பார்த்தேன்.

ஆனால் ஈஸ்வரியக்காவுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஆமா... தள்ளுபடி குடுத்தா உங்கத்தாவுக்கு நட்டமாயிராதா?"

"அதெல்லாம் ஆகாதுங்க்கா. ஆனியிலயே வெலைய ஏத்தி வெச்சுப்போடுவாரு."

ஈஸ்வரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "அய்யோ, நான் ஏத்தி வெக்காமப் போயிட்டனே!"

பேரம் பேசத் தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரத்தின் நடுவே அப்பாவின் கடை ரகசியத்தை அவிழ்த்துப் போட்டுக் காரியம் சாதித்தவளை இப்போதுதான் பார்க்கிறேன். எதிராளியிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் மனுஷருக்குப் பிடி தளர்ந்துவிடும் போல.

சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, புதங்கெழம பால் காய்ச்சிருங்க. வாடகை ஒண்ணாந்தேதில இருந்து குடுங்க. ஆனா ஒண்ணு... பால் காய்ச்சுன ஊடு இருட்டுல கெடக்கப்புடாது. தெனமும் பொழுதோட வந்து வெளக்கு வெக்கோணும்."

எனக்கு எட்டு மணி வரை வேலை. நஸ்ரினுக்குக் காலை ஷிஃப்ட், நாலு மணிக்கே முடிந்துவிடும். அவள்தான் கேட்டாள்: "நான் வாரேனுங்க்கா. ட்யூப்லைட்டு போட்டா ஆகுங்களா?"

ஈஸ்வரியக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். "வெளிச்சந்தான வேணும். ஆகும் கண்ணு."

படி இறங்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது. "கரண்டு பில்லுல தள்ளுபடி கெடையாது, ஆமா!"

புதன்கிழமை காலையில் அம்மா காரமடையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பால். இன்னொரு கையில் பை, அதற்குள் பளபளவென்று தேய்த்த பித்தளைப் போசி. நான் இண்டக்ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். போசியை வைத்தேன். பாலை ஊற்றினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

பீப்... பீப்... பீப்...

"ஏன் சாமி கத்துது இது?"

"இந்த அடுப்புக்குப் பித்தளை ஆகாதும்மா."

"பித்தளை ஆகாத அடுப்பா? இதக் காசு குடுத்து வாங்குனியா நீயி?"

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். "எங்க ஊட்டு கேஸ்ல காய்ச்சிட்டு வாங்க" என்றார் ஈஸ்வரியக்கா. "அது உங்க ஊட்டுப் பாலாயிருமுங்களே" என்றார் அம்மா. நியாயம்தானே? நாளையோடு ஆனி முடிகிறது. நாளைக்கு லீவு இல்லை.

நஸ்ரின் ஆபீஸ் பையிலிருந்து எவர்சில்வர் லஞ்ச் டப்பாவை எடுத்தாள். இயர்ஃபோன் டப்பியில் இருக்கும் காந்தத்தை அதன் அடியில் ஒட்டிப் பார்த்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "காந்தம் ஒட்டுது, அப்ப இது சூடாகும்!"

"உள்ள என்ன?" என்றேன்.

"எலுமிச்சம்பழ சாதம்."

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பால் திரிந்தால்? குடிபோகிற வீட்டில் பால் திரிந்தால் அம்மா அந்த நிமிஷமே என் பெட்டியைக் கட்டிவிடுவார். சாதம் மூடிக்கு மாறியது. நஸ்ரின் டப்பாவைக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். ஈஸ்வரியக்கா வாங்கிப் புளி போட்டுத் தேய்க்கப் போக, "அய்யோ, புளி வேண்டாமுங்க!" என்று அம்மா பிடுங்கிக்கொண்டு சாம்பிராணிச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தார். நான் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டப்பா அடுப்பில் ஏறியது. நாலு தலைகள் அதற்கு மேல். பால் ஓரத்தில் முணுமுணுத்தது. ஏறியது... ஏறியது... வழிந்து அடுப்பெல்லாம் ஓடி, அடுப்பு ஒரு தடவை கத்திவிட்டு அணைந்தது.

"எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்றார் ஈஸ்வரியக்கா.

"எல்லாப் பக்கமுங்க்கா!" என்றாள் நஸ்ரின்.

அம்மா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். லேசாக எலுமிச்சை வாசனை அடித்தது. எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை. எல்லோரும் டம்ளரைக் காலி செய்தார்கள்.

அப்புறம் அம்மா ஒவ்வொரு ரூமாகப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். ஜன்னல் கொண்டியை இழுத்துப் பார்த்தார். குறை கண்டுபிடிக்கிறார் என்று நான் பின்னாலேயே போனேன்.

"தெனமும் நீயா வந்து லைட்டுப் போடப்போற?" என்று நஸ்ரினிடம் கேட்டார். "எதுக்கு கண்ணு இந்த அலைச்சல் உனக்கு?"

"இவ காரமடைக்கு வந்துட்டா பாதி வாடகைய யாரும்மா குடுப்பா?"

அம்மா சிரித்தார் என்று சொல்ல முடியாது. உதட்டை மடித்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பஸ் ஸ்டாப்பில்தான் கவனித்தேன். பை தட்டையாக இருந்தது.

"அம்மா, போசி?"

"அங்கயே மேடையில கெடக்கட்டும். கேஸ் அடுப்பு வாங்குனா வேணுமில்ல? இதச் சும்மா சும்மா நான் தூக்கிட்டுத் திரியட்டுமா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ஊரில் என் ரூமைக் கூட்டி வைத்திருப்பதாகப் போன வாரம் போனில் சொன்னவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆமா... கேஸ் கனெக்ஷனுக்கு டெபாசிட் எவ்வளவுங்க? அதுக்கும் பட்ஜெட்டில் வரி போடவில்லை!