நின்று பார்க்க வேண்டிய மேசை

ஃபீனிக்ஸ் பே ஜெட்டி பக்கத்தில் ஒரு தனியார் படகு அலுவலகம். அங்கே நாங்கள் இரண்டு பேர் பயணிகள் பட்டியல் அடிக்கிறோம். நான் இரண்டு விரலால் அடிப்பவன். பத்து விரலாலும் அடிப்பவள் பத்துபஸ்தியிலிருந்து பஸ்ஸில் வரும் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை, கூட உட்கார்பவள்.

போன வருஷம் அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கியது. பட்டியல் இரண்டு தடவை தாமதம், படகும் தாமதம். “காண்ட்ராக்ட் நீட்டிக்கிறதை மாசக் கடைசில தேக்லேங்கே” என்றார் மேனேஜர். பார்க்கலாம் என்று அவர் சொன்ன எதையும் பிறகு நாங்கள் பார்த்ததில்லை. அவள் வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

எனக்கு ஒரு வலியும் இல்லை. அதனாலேயே அறிவுரை சொல்லும் தகுதி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். “கீபோர்டை இவ்ளோ அழுத்தாதம்மா. அது என்ன பண்ணுச்சு உன்னை?”

“சரிண்ணா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பாள்.

ஒருநாள் அவள் டாக்டரிடம் போயிருந்தாள். மிச்சப் பட்டியலை அவள் இடத்தில் உட்கார்ந்து நான் அடித்தேன். அரைமணி நேரத்தில் தோள் இரண்டும் காதைத் தொட்டன. கை மேலேறி, மணிக்கட்டு மேசை விளிம்பில் மடிந்து கிடந்தது. குனிந்து மேசையைப் பார்த்தேன். உடைத்த பழைய கப்பலிலிருந்து வாங்கியது, மாலுமிகள் நின்றபடி வரைபடம் விரிக்கும் மேசை. அதில் உட்கார்ந்து இரண்டு வருஷமாக அடித்திருக்கிறாள். முழங்கை மட்டத்தில் இருந்த நல்ல மேசையில் உட்கார்ந்து நான் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

மறுநாள் மேசையை மாற்றிக்கொண்டோம். உயர மேசையில் நான் நின்றே அடித்தேன். டிக்கெட் கேட்டு எட்டிப் பார்த்தவர், “கப்தான் சாப், ஜஹாஜ் கப் சூட்டேகா?” என்றார். கப்பல் எப்போது கிளம்பும் என்று எனக்கே தெரியாது என்றேன். கேப்டன்கள் அப்படிச் சொல்லக்கூடாதாம்.

“நீங்க நிக்கறதைப் பார்க்கப் பாவமா இருக்குண்ணா” என்றாள்.

“வயிறு குறையுதும்மா, கெடுக்காதே.”

வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் பட்டியல் ஒருநாளும் பிந்தவில்லை. மாசக் கடைசியில் மேனேஜர் காண்ட்ராக்டை நீட்டினார். வலது கையாலேயே கையெழுத்துப் போட்டாள், முகம் சுளிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, படகைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். ஜெட்டியில் அப்போது படகே இல்லை.