கொக்குரா ஸ்டேஷன் சந்தில் ஒரு பதில் மரியாதை

ஜப்பானில், கொக்குரா ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அந்தச் சந்துக்கு ஒழுங்கான பெயர் கிடையாது. போர்க்காலத்தில் தீ பரவக்கூடாதென்று வீடுகளை இடித்துப் போட்ட வெற்று நிலம் அது. போர் முடிந்ததும் பசித்தவர்களெல்லாம் அங்கே வந்து பாயை விரித்துக் கள்ளச் சந்தை போட்டார்கள். பாய் தகரமாயிற்று, தகரம் கடையாயிற்று. பட்டா என்று ஒரு காகிதம் யாரிடமும் இல்லை.

முனகாத்தா தெய்ஜி அங்கே உதோன் கடை போட்டவர். கோதுமை நூடுல்ஸும் சூடான சூப்பும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார், நின்றபடியே குடித்துவிட்டு ரயிலுக்கு ஓட வேண்டியதுதான். எட்டுப் பேர் நின்றால் அடுத்தவன் மழையில் நனைவான். ஆனாலும் இரும்பாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வேறு கடைக்குப் போக மாட்டார்கள். மாடியில் ஒரே அறை. அதில் அவரும் மனைவி ஹாத்சுயோவும். பிள்ளை குட்டி இல்லை. அந்தக் கடைதான் எல்லாம்.

எதிர்க்கடை குபாரா செருப்புத் தைப்பவர். பட்டாளத்திலிருந்து இருவரும் ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள்.

"உன் சூப்பைக் குடிச்சுக் குடிச்சே என் முட்டி போச்சுடா" என்பார் குபாரா.

"ஓசியில குடிச்சா முட்டி என்ன, மூளையும் போகும்" என்பார் தெய்ஜி.

புகைவண்டி போய் மின்சார ரயில் வந்தது. தூணுக்கு மேலே புல்லட் ரயில் வந்தது, மோனோ ரயில் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ஸ்டேஷன் பெரிதாகிச் சந்து கொஞ்சம் குட்டையாயிற்று. இரும்பாலையில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் மறுகட்டுமானச் சங்கம் என்று ஒன்று கிளம்பியது. சந்தை இடித்துப் பத்து மாடி கட்டப் போகிறார்களாம். மிஞ்சியிருந்த ஐந்து கடைக்காரர்களும் கூடிப் பேசினார்கள். கீழ்த்தளத்தில், ஸ்டேஷனைப் பார்த்தபடி, ஐந்து கடையும் வரிசையாக வேண்டும். கிடைக்கும்வரை யாரும் தனியாகச் சங்க ஆபீஸ் படியை மிதிக்கக்கூடாது, கையெழுத்துக்குப் பதிலான தன் முத்திரையைச் சங்கத்துக் காகிதத்தில் குத்தக்கூடாது. சங்கமோ, முந்தி வருகிறவர்களுக்குப் பாதாளத் தளத்தில் மூன்று கடை, மற்றவர்களுக்கு நஷ்டஈடு மட்டும் என்றது. ஐவரும் அசையவில்லை. ஒருவர் போனால் எல்லாரும் போய்விடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் ஹாத்சுயோ இறந்து போனாள்.

பனி மழை கொட்டிய நாளில், சங்கத்து ஆள் எகுச்சி கறுப்பு உடையில் வந்து நின்றார். ஊதுபத்தி ஏற்றினார், சவப்பெட்டியின் முன் குனிந்தார், பணம் போட்ட துக்கக் கவரை வைத்தார். செத்தவள் முன்னால் வைத்த கவரை எந்த மனுஷன் திருப்பித் தருவான்? தெய்ஜி வாங்கிக்கொண்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்தது. கவர் கொடுத்தவர்களுக்கு ஏதாவது பரிசு கொடுத்துப் பதில் மரியாதை செய்ய வேண்டும். மற்றவர்களுக்குப் பரிசுக் கடை மூலமாகவே அனுப்பிவிட்டார். எகுச்சிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. நனைந்துகொண்டு நேரில் வந்தவனுக்குப் பார்சலில் அனுப்பினால் ஹாத்சுயோ சும்மா விடுவாளா? கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு, தேயிலை டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு, பட்டப்பகலில் சங்க ஆபீசுக்குள் போனார். ஒப்பந்தம் அவர் நினைவிலேயே இல்லை. துக்கம் கண்ணை மறைத்துவிட்டது, பாவி மனுஷன்! எகுச்சி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார், வாசல்வரை வந்து இடுப்பொடியக் குனிந்து வழியனுப்பினார்.

சந்து முழுக்கப் பார்த்தது. முத்திரை குத்திவிட்டு வருகிறவனை வேறு எப்படி வழியனுப்புவார்கள்?

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் மனைவியைப் பறிகொடுத்தவனிடம் போய் எப்படிக் கேட்பது என்று எல்லாரும் நாகரிகமாக இருந்துவிட்டார்கள். அந்த நாகரிகத்தில் இடி விழ! மறுநாள் காய்கறிக் கடை மச்சிகோ ஓடினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். "தெய்ஜி அப்படிப்பட்டவன் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்த குபாரா கடைசியாகப் போய்க் குத்தினார். மூன்று கடையும் அதற்குள் அந்த மூவருக்கே போயிருந்தன.

தெய்ஜிக்கு இது தெரிந்ததே மச்சிகோ நன்றி சொல்ல வந்தபோதுதான்.

"நீங்க முன்னாடி போனதாலதான் எனக்குத் தைரியம் வந்துச்சு முனகாத்தா-சான்."

"எங்க போனேன்? தேயிலை கொடுக்கப் போனேன் அக்கா! சத்தியமா தேயிலை கொடுக்கத்தான் போனேன்!"

மச்சிகோவின் முகம் வெளுத்துவிட்டது. தெய்ஜி சங்கத்துக்கு ஓடினார். எகுச்சி தலை குனிந்தே இருந்தார். "குத்தினது குத்தினதுதாங்க. நீங்க குத்தினீங்களான்னு யாருமே என்னைக் கேக்கலை. இனி உங்களுக்கும் குபாரா-சானுக்கும் நஷ்டஈடு மட்டும்தான்."

தெய்ஜி அடுப்பு மூட்டவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், குபாராவிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் நெஞ்சைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் குபாராவே காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"தெய்ஜி, மச்சிகோ என்னமோ உளறுதுடா. நீ முத்திரையே குத்தலையாம். மரியாதை செய்யத்தான் போனியாம்."

தெய்ஜி வாயைத் திறந்தார்.

"பொய்தானே?" குபாராவின் குரல் உடைந்தது. "பொய்னு சொல்லுடா. நீ குத்திட்டேன்னுதான் நான் குத்தினேன். நீ குத்தலைன்னா, உன்னையும் நம்பாம, என் கடையை நானே என் கையால கொடுத்த மடையன் ஆயிடுவேன். இந்த வயசுல அதைச் சுமந்துக்கிட்டு நான் எப்படிடா தூங்குவேன்?"

தெய்ஜி அவரையே பார்த்தார். குபாரா, பிடிக்க ஆள் இல்லாமல் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குத்தினேன்" என்றார் தெய்ஜி.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். அவ போனப்புறம் தனியா முடியலை. குத்திட்டேன்."

குபாரா நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் ஏறியது. "துரோகி! உன் மூஞ்சியிலயே இனி முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு, வந்ததைவிட நிமிர்ந்து நடந்து போனார்.

காலையில் தெய்ஜி முத்திரையை எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போனார். இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொன்னார் எகுச்சி. தெய்ஜி கேட்கவில்லை, காட்டிய இடத்திலெல்லாம் அழுத்திக் குத்தினார்.

"ஒரே ஒரு உதவி செய்யணும். குபாரா எப்பவாவது வந்து கேட்டா, முதல் ஆள் நான்தான்னு சொல்லிடுங்க."