வெள்ளவத்தைக்கு வந்த காஸ் குக்கர்

“…எல்லாம் சரி அக்கே, ஆனா பெட்டிக்குள்ள டிக் டிக் எண்டு ஓடுறது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டபடியே சோதனைச்சாவடிச் சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினார்.

கொள்ளுப்பிட்டிக் கடையில் வாங்கிய காஸ் குக்கரை வான் வண்டியில் ஏற்றி, நானும் கணவரும் வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மேலே நான்கு அடுப்பு, கீழே கேக் சுட ஓவன். “நாட்டில சண்டை, இவளுக்கு இத்தாலி அடுப்பு கேக்குது!” என்று மச்சாள் நக்கலடித்திருந்தாள்.

சத்தம் எதுவென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கடையில் பெட்டியில் அடைக்க முன் இவர் ஆசைக்குக் குக்கரின் டைமரை முறுக்கிப் பார்த்திருந்தார். இவருடைய அடையாள அட்டையிலோ பிறந்த இடம் யாழ்ப்பாணம். குண்டு என்று சந்தேகித்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு எங்கே போய்த் தேடுவது?

“நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ” என்று இவரிடம் சொல்லிவிட்டு, “அது கேக் வேகிற நேரம் பாக்கிற மணி, மாத்தயா” என்று எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொன்னேன்.

“அப்ப நீங்களே திறவுங்கோ.”

பெட்டியின் அட்டையைக் கிழித்தேன். பாதி கிழிவதற்குள் டைமர் ‘டிங்’ என்று அடித்தது. சுடப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சிப்பாய் தலையைப் பொத்திக்கொண்டு தெருவில் குப்புறக் கிடந்தார். வானுக்குள் இருக்கும் எங்களுக்குத்தான் பயம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மெல்ல எழும்பி வந்தார். ஓவனின் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். “முன்னுக்கு இன்னொரு செக் பொயின்ற் இருக்கு” என்றவர், தூரத்திலிருந்தே குக்கர் தெரியும்படி மிச்ச அட்டையையும் தானே கிழித்தெடுத்தார்.