வெட்டி எறிந்த இரண்டு நிமிடம்

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், மொழி ஆராய்ச்சிக்காக ஜெர்மனியில் கொலோன் நகரம் போய்ச் சேர்ந்த பிறகு அது இன்னும் கொழுத்தது. விசா, ஸ்காலர்ஷிப், டிராமில் டிக்கெட் பரிசோதகர் என்று எதைப் பார்த்தாலும் பயம். இத்தனைக்கும் டிக்கெட் இல்லாமல் ஒரு நாளும் ஏறியதில்லை.

எங்கள் பேராசிரியர் இத்திஷ் மொழியை ஆராய்ந்தார். ஆயிரம் வருடங்களுக்கு முன் இதே ரைன் நதிக்கரை ஊர்களில் வாழ்ந்த யூதர்கள், அக்கம்பக்கத்தார் பேசிய ஜெர்மனில் எபிரேயச் சொற்களைக் கலந்து, எபிரேய எழுத்தில் எழுதி வளர்த்த மொழி. விரட்டப்பட்டுப் போலந்துப் பக்கம் போனபோது அந்த ஊர்ச் சொற்களும் சேர்ந்துகொண்டன. பேசியவர்கள் லட்சம் லட்சமாக இருந்தார்கள். நாஜிகள் கொன்றது போக மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். அது பிறந்த இடத்தில் அதைப் பேச ஓர் ஆள் கிடைக்காதா என்று நாங்கள் அலைந்துகொண்டிருந்தோம்.

ஆள் என் தெருவிலேயே இருந்தாள். கோட்டின் கையைக் குறைக்கக் கொடுத்திருந்த தையல்கடைக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அறுந்துபோன நூலை அவள் தனக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்து ஒலிநாடாக்களை மாதக்கணக்காகக் கேட்ட காது எனக்கு. "நீங்க பேசுறது இத்திஷ்தானே?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால்தானே?

அவள் எழுந்துபோய்க் கடைக் கதவைத் தாழிட்டாள். "யார் சொன்னது?" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும்தான்.

மூன்று வாரம் கழித்து அவளாகவே கூப்பிட்டாள். "நீ இந்த ஊர்க்காரி இல்லை. அதனால பேசறேன். ஆனா என் பேர் எங்கேயும் வரக் கூடாது. இந்தத் தெருவுக்கு நான் கிழக்கே இருந்து வந்த ஒரு ஜெர்மன் அகதி, அவ்வளவுதான். மேல்மாடிக்காரர் யுத்த சமயத்துல எங்கே இருந்தார்னு நான் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை. அது அப்படியே இருக்கட்டும்."

சத்தியம் செய்தேன். பின்னறையில் பதிவுக் கருவியை வைத்தேன். பேசுபவர் முதலில் தன் பெயரையும் ஊரையும் சொல்லித் தொடங்குவது எங்கள் ஆய்வுக்கூட வழக்கம். அவள் பெயரைச் சொல்லவில்லை. ஊரைச் சொன்னாள். பிறகு, நான் கேட்காமலேயே, தன் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். ரொட்டி சுடுபவர், கண்ணாடி பொருத்துபவர், அவர்கள் பிள்ளைகள். இரண்டு நிமிடம். அப்புறம் சமையல், பண்டிகை, பள்ளிக்கூடம் என்று முக்கால் மணி நேரம் போனது. என் ஆராய்ச்சி பிழைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

பேராசிரியர் நாடாவைக் கேட்டார். கண் கலங்கினார். ஊர்மக்கள் எல்லோருக்குமாக ஒரு சொற்பொழிவு வைத்து அதைப் போட்டுக்காட்டலாம் என்றார். எனக்கு அன்றைக்கே தூக்கம் போயிற்று. அவள் பிறந்த அந்தச் சின்ன ஊரில் நாஜிகளிடமிருந்து தப்பித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊரும் தெருவும் காதில் விழுந்தால் யாராவது குரலை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்களா? அது மேல்மாடிவரை போகாதா?

என்னோடு அறையில் இருந்த வேதியியல் அக்கா, கோயம்புத்தூர்க்காரர், சலித்துக்கொண்டார். "ஏம்மா, இங்கே உக்காந்து புலம்பறதுக்குப் பதிலா அந்தம்மாகிட்டயே போய்க் கேக்கலாமில்ல? சிம்பிள் மேட்டர்."

சிம்பிள்தான். ஆனால் கேட்கப் போனால் சொற்பொழிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் நாடாவையே திருப்பிக் கேட்டுவிடுவாள். அது போனால் என் பட்டமும் போச்சு. இதை அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதுகூட வெகுகாலம் கழித்துத்தான்.

சாப்பாட்டு வேளையில், எல்லோரும் உணவுக்கூடத்துக்குப் போன பிறகு, பிளேடால் அந்த இரண்டு நிமிடத்தையும் வெட்டினேன். முதல் வெட்டு கோணிப்போயிற்று. முனைகளை ஒட்டினேன். வெட்டிய சுருளைக் காப்பித்தூள் கிடந்த குப்பைக்கூடையில் போட்டேன். புது நாடா வந்ததும் இன்னொரு படி எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்ததால் இருந்தது அந்த ஒன்றுதான். பேராசிரியரிடம், "அவங்க பாதுகாப்புக்காக வெட்டிட்டேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது.

சொற்பொழிவுக்குக் கூட்டம் வந்தது. குரல் ஒலித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "எங்க பக்கத்துப் பேச்சு மாதிரியே இருக்கே!" என்று சந்தோஷப்பட்டார். பேசியவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள். டிராம் நிறுத்தத்துச் சுவரொட்டியைப் பார்த்திருப்பாள். விளக்கு போடுமுன் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை கடைக்கு ஓடினேன். கேட்காமல் போட்டதற்குத் திட்டுவாள், வெட்டியதைச் சொன்னால் சமாதானமாவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"ஆரம்பத்துல சொன்னது எங்கே?" என்றாள்.

"உங்களை யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு எடுத்துட்டேன். பேர் வரக் கூடாதுன்னீங்களே."

"என் பேர்னு சொன்னேன். அவங்க பேரையா சொன்னேன்?" குரல் உயரவே இல்லை. "அதை ஒரு நிறைஞ்ச சபையில சத்தமா கேக்கணும்னுதான் வந்தேன். இல்லேன்னா எனக்கு அங்கே என்ன வேலை?"

மறுபடி பதிவு செய்யலாம், இன்றைக்கே கருவியைக் கொண்டுவருகிறேன் என்று அழுதேன். அவள் யோசித்தாள். உதடு அசைந்தது. முதல் வீடு, இரண்டாம் வீடு என்று மனசுக்குள் நடந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அன்னிக்கு எப்படியோ வந்துது. இப்போ மூணாவது வீட்டுல யாருன்னு தெரியல. உன் நாடாவுல இருக்குன்னு நினைச்சு விட்டுட்டேன்."